விளக்குமாறு கட்டிய சைக்கிள்

இந்தப் பந்தயத்தில்
கடைசி ஆளுக்குப் பின்னால்
ஒரு சைக்கிள் வரும்.
கரியரில் நெட்டுக்குத்தாக
ஒரு விளக்குமாறு கட்டியிருக்கும்.

எங்கள் பக்கம் ஒருவருக்கு
விளக்குமாற்றைக் காட்டினால்
இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இராது.
இங்கே அதை ஓட்டி வருபவளுக்கு
ரெகுலா என்று பெயர்.
வரி அலுவலகத்தில் வேலை.
முழங்காலுக்கு நல்ல களிம்பு தெரியும்.

டொக்டர் ஓடச் சொன்னார் என்று
மனைவியிடம் சொன்னேன்.
மனைவி ஓடச் சொன்னாள் என்று
டொக்டரிடம்.
உண்மை வேறு.
சீஸ் தொழிற்சாலையில் இரவு முழுக்க
வண்டிச் சில்லுப் பருமனில் வருவதையெல்லாம்
உப்புத் தொட்டிக்கு அனுப்பி அனுப்பி
ஒரே இடத்தில் நின்ற கால்கள்
விடிய ஐந்தரைக்கு
என்னைக் கேட்காமலே
பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போயின.
வேலைச் சப்பாத்தோடுதான்.
ஒரு கிலோமீற்றர்கூட இராது.
கூரை போட்ட மரப்பாலத்துக்குள் குனிந்து நின்று
குடல் வெளியே வருமளவுக்கு மூச்சு வாங்கினேன்.
அடுத்த நாளும் போனேன்.

இல்ஃபிஸ் ஆறு
போகும்போது கூடவே வரும்,
திரும்பும்போது எதிரே.
அதற்கு மணிக்கூடு இல்லை.
எனக்கு உண்டு:
கிலோமீற்றருக்கு ஏழு நிமிடம் நாற்பது.
அடுத்த ஊருக்கு நடந்தால் ஐம்பது நிமிடம் என்று
மஞ்சள் பலகை சொல்லும்.
முதல் வருடம் அதை ஓடியே
நாற்பத்தொன்பதில் சேர்ந்தேன்.
மிச்சம் பிடித்த அந்த ஒரு நிமிடத்தை
யாரிடம் கொண்டுபோய்க் காட்ட?
மாடுகள் தலை நிமிர்த்தின.
ஒரு மணிச் சத்தம்.
பிறகு புல்.

கோயில் திருவிழாவில், வடைத் தட்டோடு
ஒருவர் கேட்டார்:
"ஏன் அண்ணை, ஆர் துரத்துறாங்கள்?"
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
ஒருத்தருமில்லைத் தம்பி.
அதுதான் விசேஷம்.

மார்கழி இருட்டில்
நெற்றி விளக்கோடு எதிரே வருவான் ஒருவன்.
கண் கூசாமலிருக்க
அவன் தன் விளக்கைத் தாழ்த்துவான்,
நான் என்னுடையதை.
ஐந்து வருடம்.
முகம் தெரியாது.

பந்தய நாள்.
இலக்கம் அறுநூற்றுப் பதினான்கு.
பெயருக்கு விட்ட இடத்தில்
குணபாலசிங்கத்தில் குணம் மட்டுமே கொண்டது.
ஆறாவது கிலோமீற்றர்வரை
எனக்குப் பின்னால் இரண்டு பேர்.
ஒருத்தி கணுக்கால் பிசகி உட்கார்ந்தாள்.
மற்றவர் பசிக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டார்,
வீடு வழியில் இருந்ததால்.

அதன் பிறகு என் முதுகில்
சங்கிலியின் கிறீச் சத்தம்.

ஏற்றத்தில் சொன்னேன்:
நீங்கள் முன்னால் போங்கள்.
"முடியாது" என்றாள் ரெகுலா.
"நீங்கள் நின்றால் நானும் நிற்கவேண்டும்.
சட்டம்."

திரும்பிப் பார்த்தேன்.
சிவப்பு நாடாவைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள்.
காகிதக் கிண்ணங்களைப் பொறுக்கினார்கள்.
ஒரு டிராக்டர்
பொறுமையிழந்து உறுமித் தெருவில் ஏறியது.
நான் ஓர் அடி வைக்க
ஊர் ஓர் அடி பழையபடி ஊராகியது.
பந்தயம் எதுவரை என்று கேட்டால்
என் குதிகால்வரை.

ஒலிபெருக்கிக்காரர்
முடக்கிலேயே என் முழுப் பெயரைத் தொடங்கினார்.
"குணா… பாலா…"
மூச்செடுத்தார்.
கோட்டைத் தாண்டியபோது
சிங்கம் இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு மணி இருபத்துநான்கு நிமிடம்.
சூப் ஆறியிருந்தது. பாண் இருந்தது.

ரெகுலா விளக்குமாற்றை அவிழ்த்தாள்.
"அடுத்த வருடமும் நீங்கள்தானே?"
சொல்லமுடியாது என்றேன்,
ஒரு ஆளையாவது முந்தினாலும் முந்துவேன்.
"நல்லது.
அப்படியென்றால் நான் அந்த ஆளோடு வருவேன்."

வீடு போகும் வழியெல்லாம்
யாராயிருக்கும் அந்த ஆள் என்று யோசித்தேன்,
கொஞ்சம் பொறாமையாக.